ரசிகனின் தீர்ப்பு: மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெற்றும் கலிப்சோவும்

விளையாட்டைப் பற்றியும் ஜனரஞ்சக இசையைப் பற்றியும் ஒரு சாதாரண ரசிகன் கொண்டிருக்கும் அபிப்பிராயங்கள் ஆய்வுக்குரியனவா என்பது எமது பல்கலைக்கழகச் சூழலில் அதிகம் எழுப்பப்படாத வினாவாகும். இலக்கிய ரசனை பற்றி நாம் வேண்டிய அளவு விவாதித்துள்ளோம். நாட்டார் பாடல்களுக்கும் கூத்துக்கும் ஆய்வுலகில் உரிய இடம் கிடைத்துள்ளது. ஆயின் மைதானத்து வேலியோரம் நின்று துடுப்பாட்டக்காரன் ஒருவனின் கால் நகர்வில் உள்ள குறையை எடுத்துரைப்பவனையும், தெருவிற் பிறந்த ஒரு பாட்டின் நயத்தை நண்பரோடு மல்லுக்கட்டி நிலைநாட்டுபவனையும் 'அபிமானி' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். சங்கீத சபையிலே 'ரசிகர்' என்ற சொல்லுக்குள்ள கௌரவம் மைதானத்திலே அதற்கு இல்லை.

முற்போக்குச் சிந்தனையாளரிடையே இவ்விடயம் பற்றி இரு வேறு மனோபாவங்கள் நிலவுகின்றன. விளையாட்டும் வெகுசன இசையும் உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்பும் போதைப்பொருட்கள் என்பது ஒன்று. மக்கள் விரும்புவது எதுவாயினும் அது மக்கள் கலையே என்பது மற்றையது. முதலாவது நோக்கு ரசிகனை ஏமாளியாக்குகின்றது. இரண்டாவது அவனைப் புனிதனாக்குகின்றது. இரண்டுமே அவன் என்ன சொல்கிறான் என்று செவிமடுப்பதில்லை. அவ்வாறு செவிமடுப்பதற்கு வாய்ப்பான களமாக மேற்கிந்தியத் தீவுகள் அமைகின்றன. அங்கு விளையாட்டு ரசிகனும் பாட்டு ரசிகனும் பெரும்பாலும் ஒருவனே. அவனது அபிப்பிராயம் பாட்டாக வெளிவந்தது; அச்சேறியது; ஒரு கட்டத்திலே அதிகாரத்தில் உள்ளோரைப் பணியவும் வைத்தது.

கலிப்சோ திரினிடாட் தீவுக்குரிய பாடல் வடிவம். அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர் ஆபிரிக்க வம்சாவளியினர் கார்ணிவல் திருவிழாவைத் தமதாக்கிக் கொண்டனர். அவ்விழாவிலே கம்புச் சண்டை முக்கிய இடம் பெற்றது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டுத் தலைவன் இருப்பான். தன் கூட்டத்துக் கம்புவீரனைப் புகழ்வதும் எதிர்க் கூட்டத்தானை எள்ளி நகையாடுவதும் அவன் பணி. மட்டக்களப்பிலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி எனக் கட்சி பிரிந்து நின்று ஒருவரை ஒருவர் வசை பாடும் மரபை அறிந்தோருக்கு இது அந்நியமானதன்று. இக்கம்புச் சண்டைப் பாடல் கலிப்சோவின் மூலங்களுள் ஒன்றாகும். எனவே விளையாட்டும் பாட்டும் அங்கு பிற்காலத்திலே சந்தித்துக்கொண்டவை அல்ல. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

குடியேற்ற அரசு இதனை அச்சத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. 1881ஆம் ஆண்டுக் கார்ணிவலிலே பொலிசாருக்கும் மக்களுக்கும் இடையே பெரும் மோதல் மூண்டது. 1884இல் கம்பேந்திக் கூடுவதற்கும் பறையொலிக்கும் எதிராகச் சட்டம் வந்தது. கம்பு கீழே வைக்கப்பட்டது, சொல் எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டிலே கலிப்சோ கொட்டகைகளுக்குள் வந்து, கட்டணம் செலுத்திக் கேட்கும் கலையாயிற்று. பாடுவோர் 'பிரபு', 'வல்லவன்' எனப் பட்டங்களைத் தாமே சூடிக்கொண்டனர். ஆள்வோரின் விருதுகளைக் கேலி செய்தவாறே அவற்றைப் பறித்து அணிந்துகொள்ளும் இவ்வழக்கத்திலே ஓர் அரசியல் உண்டு. ஊர் வம்பு முதல் ஆளுநரின் நடத்தை வரை எல்லாம் பாட்டாயின. 1934இல் இப்பாடல்களைக் கண்காணிக்கும் பொருட்டு அரங்குகள் தொடர்பான சட்டமொன்று இயற்றப்பட்டமையே இவற்றுக்கிருந்த செல்வாக்குக்குச் சான்று.

கொட்டகையிற் கூடுவோர் வாய்பொத்திக் கேட்கும் அவையினர் அல்லர். பாடப்படும் செய்தியை அவர்களும் அறிவர். பாடகன் ஒரு தீர்ப்பைச் சொன்னால் அது பொருந்துமா என அவ்விடத்திலேயே எடைபோடுவர். பொருந்தாவிடின் கூச்சலிட்டு இறக்கிவிடுவர். தனியொருவனின் விருப்பு வெறுப்பு இவ்வாறு பொது விசாரணைக்கு உட்படும்போதே அது அபிப்பிராயம் என்ற நிலையிலிருந்து தீர்ப்பு என்ற நிலைக்கு உயர்கின்றது. ரசனை பற்றிய எமது விவாதங்கள் பெரும்பாலும் தனிமனித உள்ளத்தைப் பற்றியனவாகவே இருந்து வந்துள்ளமையால் இந்த அம்சம் விடுபட்டுப் போயிற்று என்றே எண்ணத் தோன்றுகிறது.

கிரிக்கெற் வேறு வழியாக வந்தது. அது ஆட்சியாளரின் ஆட்டம். வெள்ளைத் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் ஆடியது. காலப்போக்கில் எல்லா மக்களும் அதனை ஆடினர். ஆனால் ஒன்றாக ஆடவில்லை. திரினிடாட்டின் கழகங்கள் நிறமும் வர்க்கமும் பார்த்தே அமைந்திருந்தன. குவீன்ஸ் பார்க் கழகம் பெருமளவில் வெள்ளைச் செல்வர்களுக்குரியது. மேப்பிள் கழகம் மெல்நிற நடுத்தர வகுப்பினருக்கு உரியது. ஷனன் கழகத்திலே கறுப்பினக் கீழ்நடுத்தர வகுப்பினர் இருந்தனர். ஸ்ரிங்கோ கழகம் உழைப்பாளரின் கழகம். கழகத்தின் பெயரைச் சொன்னால் தோலின் நிறத்தையும் தொழிலையும் சொல்லிவிடலாம் என்ற நிலை. சாதிப் பாகுபாடு கிணற்றிலும் கோயிலிலும் பாடசாலையிலும் எவ்வாறு தொழிற்பட்டதென்பதை அறிந்த யாழ்ப்பாண வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேற்குறித்த கழகங்கள் பற்றிய நுட்பமான சித்திரத்தை எமக்குத் தந்தவர் சீ. எல். ஆர். ஜேம்ஸ். 1901இல் திரினிடாட்டிலே பிறந்து 1989இல் இலண்டனிலே மறைந்த இவர் மார்க்சியச் சிந்தனையாளர். ஹெயிற்றி அடிமைகளின் புரட்சியை ஆராய்ந்து 1938இல் 'கறுப்பு யாக்கோபின்கள்' என்ற பெருநூலை எழுதியவர். அதே மனிதர் கிரிக்கெற் ரசிகர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெற் விமர்சனம் எழுதிப் பிழைத்தவர். 1963இல் வெளிவந்த 'எல்லைக்கு அப்பால்' என்ற அவரது நூல் இவ்விரு ஆளுமைகளும் ஒன்றே என நிறுவுகின்றது. அவர் வாழ்ந்த வீட்டு யன்னல் கிரிக்கெற் மைதானத்தை நோக்கியிருந்தது. அதனூடாகச் சிறுவயதிற் பார்த்த மத்தியூ பொண்ட்மன் என்பவனைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி சிறப்பானது. அழுக்கானவன், வேலைவெட்டி இல்லாதவன், ஊரார் பழித்தவன்; ஆனால் துடுப்பைக் கையில் எடுத்ததும் அழகே வடிவானவன். சமூகம் கழித்துவிட்ட ஒருவனிடம் இத்தகைய நயம் எங்கிருந்து வந்தது? சிறுவன் ஒருவனின் வியப்பாகத் தொடங்கிய இந்தக் கேள்வி பின்னர் கலைக் கோட்பாட்டு விசாரணையாக வளர்கின்றது. நாடகத்துக்கும் நடனத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய இயல்புகள் கிரிக்கெற்றுக்கு உண்டென்றும், அதனைக் கலையென ஏற்க மறுப்போர் கலையை உண்பவரை மனத்திற் கொள்ளாது பரிமாறுபவரை மட்டுமே நோக்குகின்றனர் என்றும் பொருள்படும் வகையில் அவர் வாதிடுகிறார்.

இவ்வாதத்தை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. ஆட்டத்தில் அழகு உண்டு. ஆனால் ஆடுபவன் அழகுக்காக ஆடுவதில்லை, வெற்றிக்காக ஆடுகிறான். கலைஞனின் நோக்கத்தையும் ஆட்டக்காரனின் நோக்கத்தையும் ஒன்றாக்குவது சற்று அவசரமானது. எனினும், ரசிகனின் பார்வையே ஆட்டத்தை முழுமையாக்குகின்றது என்ற அவரது அடிப்படைக் கருத்து அசைக்க முடியாதது.

இவ்விரு மரபுகளும் வெளிப்படையாக ஒன்றிணைந்த நாள் 1950 ஜூன் 29 ஆகும். 1928இல் தனது முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடிய மேற்கிந்திய அணி, அதே லோர்ட்ஸ் மைதானத்திலே இங்கிலாந்தை 326 ஓட்டங்களால் வென்றது. சணி ரமாதின், அல்ப் வலன்ரைன் என்ற இரு இளைஞர் எதிரணியின் 20 விக்கெற்றுகளில் 18ஐ வீழ்த்தினர். சுற்றுப்பயணத்துக்குத் தெரிவாகும் முன்னர் இருவரும் ஆடிய முதற்றரப் போட்டிகள் இரண்டே இரண்டு. ஆட்டம் முடிந்ததும் லோர்ட் கிச்சினர் என்ற கலிப்சோப் பாடகர் ரசிகர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி ஆடிப்பாடி மைதானத்தைச் சுற்றினார். பின்னர் அக்கூட்டம் இலண்டன் வீதிகளினூடாகப் பிக்கடிலி வரை சென்றது. அவரும் லோர்ட் பிகினரும் 1948இல் 'எம்பயர் விண்ட்றஷ்' கப்பலிலே பிழைப்புத் தேடி வந்திறங்கியவர்கள். பிகினர் பாடிய வெற்றிக் கலிப்சோ அவ்வாண்டிலேயே இசைத்தட்டாக வெளிவந்தது.

இப்பாடலைக் கேட்பவர் முதலில் அவதானிப்பது அதன் ஆரவாரத்தையன்று, தகவல் நிறைவையே. எவர் எவ்வாறு ஆடினார், எத்தலைவர் என்ன செய்தார், மன்னர் வந்திருந்தமை எல்லாம் வரிசையாக வருகின்றன. இங்கிலாந்தின் வொஷ்புறூக் பெற்ற சதமும் விடுபடவில்லை. ஆட்டக் கணக்கேட்டைச் சந்தத்தில் அமைத்தாற் போன்றது அது. வெற்றிக் களிப்பிலும் விவரம் தவறாமை ரசிகனின் ஒழுக்கம். வாடகைக்கு அறை கிடைக்காத நிறத்தவர் கூட்டமொன்று, எசமானரின் ஆட்டத்தில், எசமானரின் மைதானத்தில் நிகழ்ந்ததைத் தானே பதிவு செய்கின்றது. அப்பதிவு பிழைபடலாகாது என்ற கவனம் அதிலே தெரிகின்றது.

ஆயினும் அந்த வெற்றி அணியின் தலைவர் வெள்ளையரான ஜோன் கொடார்ட். அணியைத் தாங்கியோர் கறுப்பினத்தவராயினும் தலைமை வெள்ளையரிடமோ வெளிர்நிற மேற்றட்டினரிடமோ இருப்பதே வழமையாயிருந்தது. மாபெரும் துடுப்பாட்டக்காரரான ஜோர்ஜ் ஹெட்லி 1948இல் ஒரேயொரு ரெஸ்ற் போட்டிக்குத் தலைமை தாங்கினார், அவ்வளவே. பிராங் வொரலின் தகுதியை மைதானத்திற் கூடிய ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். தெரிவாளர் மட்டும் அறியாதோர் போல் இருந்தனர்.

1960 ஜனவரி 30ஆம் நாள் போட் ஒவ் ஸ்பெயினிலே இங்கிலாந்துடனான போட்டியில், மேற்கிந்திய அணி 98 ஓட்டங்களுக்கு 8 விக்கெற்றுகளை இழந்தபோது ரசிகர் போத்தல்களை வீசினர். அன்றைய ஆட்டம் கைவிடப்பட்டது. உள்ளூர் இளைஞரான சரண் சிங் ஓட்டத்திலே ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பளித்ததே உடனடிக் காரணம். ரசிகரின் ஒழுங்கீனம் எனக் கண்டித்து அமைவது எளிது. அவ்வேளையில் 'தி நேஷன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் அவ்வாறு செய்யவில்லை. வன்முறையை அவர் போற்றவும் இல்லை. ஆட்டத்தை நிருவகிப்போர் தம்மவர் அல்லர் என்ற நெடுநாளைய உணர்வின் வெடிப்பு அது என விளக்கி, வொரலைத் தலைவராக்க வேண்டுமென்ற இயக்கத்தைத் தம் பத்திரிகையிலே தீவிரமாக முன்னெடுத்தார். அக்காலத் தலைவரான ஜெரி அலெக்சாந்தர் விலக வேண்டும் என்று தலைப்பிட்டே எழுதினார்.

தனிமனிதர் என்ற வகையில் அலெக்சாந்தருக்கு இது கடுமையானது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் நேர்மையான ஆட்டக்காரர். பின்னர் வொரலின் கீழ் அவுஸ்திரேலியா சென்று அணியின் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் பெற்றவரும் அவரே. ஆனால் வினா தனிமனிதரைப் பற்றியதன்று. 1960-61 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வொரல் தலைவராக நியமிக்கப்பட்டார். முழுத் தொடர் ஒன்றுக்கு அப்பதவியைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவர். பிறிஸ்பேனில் ரெஸ்ற் வரலாற்றின் முதலாவது சமநிலைப் போட்டி நிகழ்ந்தது. தொடர் 2-1 எனத் தோற்கப்பட்டது. தோற்ற அணியை வழியனுப்ப மெல்பேர்ண் நகர வீதிகளிலே மக்கள் திரண்டனர். ரசிகர் அறிந்திருந்ததைத் தெரிவாளர் பிந்தியே அறிந்தனர். இங்கு பிரித்தானிய மேற்கிந்தியக் கூட்டாட்சி 1958இல் தோன்றி 1962இல் குலைந்துபோனமையையும் நினைவிற் கொள்ள வேண்டும். அரசு ஒன்றாக இருக்க முடியாத தீவுகளுக்கு அணி ஒன்றாக இருந்தது. தலைமை பற்றிய சர்ச்சை அத்துணைச் சூடேறியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கலிப்சோவும் தன் பங்கைச் செய்தது. மைற்றி ஸ்பரோ என்ற பாடகர் 1956இல் 'ஜீன் அன்ட் டைனா' மூலம் புகழ்பெற்றவர். அமெரிக்கப் படைத்தளங்கள் திரினிடாட்டின் வாழ்வைக் குலைத்த விதம் அப்பாடலின் பின்னணி. ஜேம்ஸ் ஸ்பரோவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மேற்கிந்திய மக்களின் சொந்தக் குரலை அவரிடம் கண்டார். இதே ஸ்பரோ 1960களின் நடுப்பகுதியிலே கார்பீல்ட் சோபர்ஸைப் பற்றிப் பாடியபோது அவருக்குச் 'சேர்' பட்டத்தைச் சூட்டியே பாடினார். இங்கிலாந்து அரசி அதனை வழங்கியது 1975இல். யார் யாரை முந்தினர் என்பதை வாசகரே கண்டுகொள்வர்.

இவ்வளவில் நிறுத்தினால் நாமும் ரசிகனைப் புனிதனாக்கியோராவோம். கலிப்சோவின் பொது மன்றத்திலே எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. ஸ்பரோவின் மேற்சொன்ன பாடலிலேயே வறுமையால் உடலை விற்ற பெண்கள் பரிகாசத்துக்கு உரியோராகின்றனர். படைத்தளம் தப்பிக்கொள்ள அவர்கள் அகப்பட்டுக்கொள்கின்றனர். 1978இல் கலிப்சோ றோஸ் என்ற பெண் பாடகர் முதலிடம் பெற்றபோது, அதுவரை 'கலிப்சோ மன்னன்' என்றிருந்த பட்டத்தின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இந்திய வம்சாவளியினரின் நிலை இன்னும் சிக்கலானது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் இவர்கள். பெரும்பான்மையோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஒரு சிறுபான்மையினர். நாகமுத்து, பெருமாள் என்ற பெயர்கள் கயானாவிலிருந்து மேற்கிந்திய அணி வரை வந்திருப்பது அவ்வரலாற்றின் எச்சம். 1950இன் வெற்றிவீரரான ரமாதினே மேற்கிந்திய ரெஸ்ற் அணியில் ஆடிய முதலாவது இந்திய வம்சாவளியினர். ஆயினும் இந்திய அணி திரினிடாட் வரும்போது இவர்களிற் பலர் அவ்வணிக்காகக் கைதட்டினர். அதனால் விசுவாசமற்றோர் எனப் பழிக்கப்பட்டனர். எமது நாட்டிலே எந்த அணிக்குக் கைதட்டுகிறாய் என்ற கேள்வி சாதாரண விளையாட்டுக் கேள்வியாக இல்லாதிருந்த காலங்களை அறிந்தோர், இப்பழியின் கூர்மையை உணர்வர். கைதட்டல் எவ்வாறு குடியுரிமைச் சோதனையாக்கப்படுகின்றது என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்பின்னணியிலேதான் 1971இன் ஒரு பாடல் முக்கியத்துவம் பெறுகின்றது. அவ்வாண்டு இந்திய அணி முதன்முறையாக மேற்கிந்திய அணியைத் தொடரில் வென்றது. இளைஞரான சுனில் கவாஸ்கர் நான்கு போட்டிகளில் 774 ஓட்டங்கள் பெற்றார். ஆபிரிக்க வம்சாவளியினரான லோர்ட் றிலேற்றர் அவரைப் புகழ்ந்து கலிப்சோ பாடினார். தம் அணிப் பந்துவீச்சாளரின் கையறுநிலையைத் தாமே நகையாடினார். பக்கச்சார்பு ரசிகனின் உடன்பிறப்பு எனக் கருதப்படுவதுண்டு. ஆட்டத்தை அறிந்தவன் எதிரியின் திறனையும் அறிவான் என்பதே இப்பாடல் உணர்த்தும் செய்தி. சுவையுணர்வு இனச் சார்பை வென்ற தருணம் அது. அத்தகைய தருணங்கள் அரிதானவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1980 முதல் 1995 வரை மேற்கிந்திய அணி எந்த ரெஸ்ற் தொடரிலும் தோற்கவில்லை. அக்காலத்தின் புகழை விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஆனால் 1983இல் லோறன்ஸ் றோ தலைமையிலே ஒரு குழுவினர் இனவொதுக்கல் ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்குப் பணத்துக்காக ஆடச் சென்றமையைக் குறிப்பிடாதிருத்தல் ஆகாது. சபை அவர்களுக்கு விதித்த தடை 1989இல் நீங்கியது. ரசிகரின் தீர்ப்பு அத்துணை எளிதில் நீங்கவில்லை. பெருந்தொகையை மறுத்து நின்ற விவியன் றிச்சர்ட்ஸின் பெயரோடு அந்த மறுப்பும் சேர்த்தே நினைவுகூரப்படுகின்றது. ஓட்டங்களையும் ஒழுக்கத்தையும் ஒரே தராசில் இடும் இவ்வியல்பை வேறெந்தத் துறை விமர்சகரிடமும் காண்பது கடினம்.

2007இல் உலகக் கிண்ணப் போட்டிகள் அத்தீவுகளிலே நடைபெற்றன. நுழைவுச்சீட்டின் விலை உள்ளூரவர்க்கு எட்டாததாயிருந்தது. இசைக்கருவிகளையும் சங்குகளையும் மைதானத்துக்குள் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இருக்கைகள் வெறுமையாயின, பின்னர் கட்டுப்பாடுகளைத் தளர்த்த நேர்ந்தது. 1884இல் பறையைத் தடுத்தது குடியேற்ற அரசு. 2007இல் அதே வேலையைச் செய்தது சர்வதேச வணிக நிருவாகம். முன்னையது கலகத்துக்கு அஞ்சியது. பின்னையதற்கு அத்தகைய அச்சம்கூட இல்லை. தொலைக்காட்சித் திரைக்கு ஒழுங்கான பின்னணி மட்டுமே அதற்குத் தேவைப்பட்டது. தீர்ப்புச் சொல்பவனாக இருந்த ரசிகனை நுகர்வோனாக மாற்றும் இம்முயற்சி கரீபியனுக்கு மட்டும் உரியதன்று. எமது பாடசாலைப் பெருஞ்சமர்களிலே ஒலிக்கும் பப்பரே வாத்தியம் விளம்பரதாரரின் கொடிக்குக் கீழ் வந்துவிட்டமையை நாமும் காண்கிறோம். ஆனால் பப்பரே ஆரவாரிக்குமே ஒழிய விவாதிப்பதில்லை. அதனை ஒழுங்குபடுத்துவதில் யாருக்கும் அதிக சிரமம் இருக்கவில்லை.

2016 ஏப்ரல் 3இல் கொல்கத்தாவிலே மேற்கிந்திய ஆடவர் அணி இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றது. அன்றே, அதே மைதானத்தில், ஸ்ரெபானி ரெய்லர் தலைமையிலான மகளிர் அணியும் அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலகக் கிண்ணத்தை வென்றது. எங்கும் ஒலித்த பாட்டு, அணியின் வீரரான டுவேன் பிராவோ தாமே பாடிய 'சம்பியன்'. ஆட்டக்காரனே பாடகனாகி வெற்றியாளரை வரிசைப்படுத்தும் பாட்டு அது. மெட்டுக் கவர்ச்சியானதே, ஆயினும் பிகினரின் பாட்டில் இருந்த விவரமும் றிலேற்றரின் பாட்டில் இருந்த சுயவிமர்சனமும் அதில் இல்லை. விமர்சனம் அன்று வேறோரிடத்திலிருந்து வந்தது. பரிசளிப்பு மேடையிலே அணித்தலைவர் டரன் சமி, தமது கிரிக்கெற் சபை தம் அணியை நடத்திய விதத்தை உலகறியக் குறை கூறினார். சபை அதனைக் கண்டித்தது. சமி அதன்பின் மேற்கிந்திய அணிக்குத் தலைமை தாங்கவில்லை.